பன்னிரண்டாவது பெயர்

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணி வரை மலை தெரியவே இல்லை. துணி காயவில்லை.

இன்று சொல்லாதது: "லட்சுமணனைப் போடுங்க சித்தப்பா." மூன்று வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

காணும் பொங்கல் அன்று உளுந்தூர்பேட்டை பக்கம் கபடிப் போட்டி. அறுபத்தைந்து கிலோவுக்குள் எடை இருக்க வேண்டும். எங்கள் 'மேட்டுத்தெரு பிரதர்ஸ்' பட்டியல் கொடுக்க வேண்டும். ஆட ஏழு பேர், மாற்றுக்கு ஐந்து பேர். கொடுத்தபிறகு ஒரு பெயரையும் மாற்ற முடியாது. மேனேஜர் சித்தப்பா. ஜெர்சி வாங்குவது, வேன் பேசுவது, சண்டையை விலக்குவது எல்லாம் அவர்தான். அவருடைய உரக்கடையில் யூரியா மூட்டைகள் மேல் உட்கார்ந்து கூட்டம். மூலையில் நான், லேப்டாப்போடு. ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன் என்பதால் டைப் அடிப்பது எப்போதும் என் தலையில்.

பதினோரு பெயர் சீக்கிரம் முடிந்தது. பன்னிரண்டாவதுக்கு இரண்டு பேர்.

ஒருவர் சேகர் மாமா. சித்தியின் தம்பி. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். வயது முப்பத்தைந்து. ரைட் கார்னர், வலது ஓரத்தில் நின்று ஆளைப் பிடிக்கிறவர். அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்னொருவன் லட்சுமணன். வெள்ளிமலைப் பையன். எல்லோரும் 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள். மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றுகிற வேலை. லோடோடு கீழே வருகிற நாட்களில் எங்கள் வீட்டு மாடிக்கு எதிரே இருக்கிற மைதானத்தில் இறங்கிப் பயிற்சி செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் மேலே போவான். இன்று ஞாயிறு, வரவில்லை.

கேப்டன் பிரபு: "மலை நல்லாதான் ஆடறான். பஸ்சு வந்தா பாதில ஓடிப்பூடறான். எப்டி நம்பறது?"

"அப்ப சேகரு?" என்றார் சித்தப்பா.

"மாமா... பழைய ஆளு..." என்று இழுத்தான் பிரபு.

அந்த நேரம் பார்த்து சித்தி டீத்தட்டோடு வந்தாள். "இன்னா பழைய ஆளு? அந்தப் பெரிய கப்பு யாரு வாங்கியாந்தது? அப்ப நீ டவுசர் போட்டுக்கினு மூக்கு ஒழுகிக்கினு நின்னுக்கினு இருந்த."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபுவும். மாமா மட்டும் தலை நிமிரவில்லை.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. ஒரு ஆட்டம் வுடாம மாடில ஒக்காந்துக்கினு பாக்கறியே. யாரப் போடலாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தாள்.

"உங்க இஷ்டம் சித்தப்பா."

12. சேகர். அடித்துச் சேமித்தாகிவிட்டது.

ஜனவரி 5, திங்கள்

கடையில் கூட்டம். பொங்கல் லீவுக்கு முன்னால் எல்லோருக்கும் ஏதோ ஒரு காப்பி வேண்டும். பிரிண்டர் இரண்டு முறை காகிதத்தைக் கடித்துக்கொண்டது.

ஏன் சொல்லவில்லை என்பதை நேர்மையாக எழுதுகிறேன். போன வாரம் லட்சுமணன் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான். மாடியில் இருந்த நான் கைதட்டிவிட்டேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சித்தி, "இன்னாடி, அந்த மலைக்காரப் பையன் வந்தா மட்டும் கைதட்டு ஜாஸ்தியா கீது? பொங்கல் கழிச்சி திருக்கோவிலூர்க்காரங்க உன்னப் பாக்க வராங்க, ஞாபகம் வெச்சிக்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னது தெரு முழுக்கப் போய் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவன் என்னை அக்கா என்கிறான். என்னைவிட ஆறு வயது சின்னவன்.

எனக்கு அவன்மேல் என்ன என்று நானே உட்கார்ந்து யோசித்தேன். அவன் ஆட்டம் பிடித்திருக்கிறது. நல்ல புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திரும்ப ஒருமுறை படிக்கத் தோன்றுமே, அந்த மாதிரி. ஒரு பெண்ணுக்கு ஓர் ஆணின் ஆட்டம் மட்டும் பிடிக்கலாம் என்று இந்தத் தெருவில் யாரிடம் சொல்லி விளங்கவைப்பது?

போன சனிக்கிழமை கடைக்கு வந்திருந்தான். ஆதார் ஒரு காப்பி, போட்டிக்காக. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர். பிளஸ் டூ மார்க்‌ஷீட்.

"இதயும் ஒண்ணு போடுங்கக்கா. காலேஜ் பி.டி. சார் ஒருத்தரு ஆட்டம் பாக்க வராராம். ஆட்டம் புடிச்சிருந்தா சீட்டு, ஆஸ்டலு எல்லாம் சும்மாவே குடுப்பாங்களாம். கேட்டா கையில இருக்கணும் இல்ல?"

"கலர்ல போடவா?"

"கலர்ல போட்டா மார்க்கு ஜாஸ்தி ஆவுமாக்கா?"

இது தெரிந்தும் டைப் அடித்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பட்டியல் பற்றி என் கருத்து. கேட்டபோது சொல்லாததால் இங்கே விரிவாக.

பிரபு: வேகம் உண்டு. ஆளைத் தொட்டதும் நடுவரைத் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு நொடியில்தான் எப்போதும் பிடிபடுகிறான். கேப்டன் என்பதால் யாரும் சொல்வதில்லை.

லெஃப்ட் கார்னர், ரைஸ் மில் பையன்: தங்கம். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான்.

கவர் இரண்டு பேர், அண்ணன் தம்பி: வீட்டில் பேச்சு கிடையாது. களத்தில் கைகோத்தால் யாராலும் பிரிக்க முடியாது. அவர்கள் அம்மா இதைப் பார்க்கவே மைதானத்துக்கு வருகிறார் என்று நினைக்கிறேன்.

ரைட் கார்னர் தினேஷ்: பயம் போய்விட்டது. இனி நன்றாக வருவான்.

மீதிப் பேர் எல்லோரும் பிடிக்கிற ஆட்கள். பிடிப்பதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருவதற்கு பிரபு ஒருவன்தான். மற்றவர்கள் ரெய்டு என்றால் கோட்டைத் தொட்டுவிட்டு உயிரோடு திரும்பி வருகிற ரகம். பிரபு அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தால், ரெய்டில் ஒரு பாயின்ட் எடுத்து அவனை உள்ளே கொண்டுவர ஆளே இல்லை. இப்படி ஒரு பட்டியலில் பன்னிரண்டாவதாக இன்னொரு கார்னரைச் சேர்த்திருக்கிறோம். வீட்டுக்கு ஜன்னலே இல்லை, நாங்கள் இன்னொரு கதவு போட்டிருக்கிறோம்.

லட்சுமணன்: தொடை தட்ட மாட்டான். கத்த மாட்டான். "கபடி கபடி" சொல்வது பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும். தூங்குகிறவர்கள் இருக்கிற வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடப்பான். திடீரென்று காலை நீட்டினால் ஓர் ஆள் குறைந்திருக்கும். அக்டோபரில் ஜீப்பில் வெள்ளிமலை போனபோது, அங்கே பையன்கள் விளையாடுகிற இடத்தைப் பார்த்தேன். தினை அறுத்த சரிவு. மேல் பக்கமிருந்து ஓடி வந்தால் நிற்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில்தான் நிற்க வேண்டும். நான்கு பேர் இடுப்பைப் பிடித்தாலும் இவன் சாயாமல் நிற்பது அதனால்தான்.

பாதியில் பஸ்ஸுக்கு ஓடுகிறானாம். அவன் போனபிறகு மற்றவர்கள் செய்வது என்ன? செல்ஃபி.

ஜனவரி 7, புதன்

சாயங்காலம் சித்தப்பா கடையில் எடை பார்த்தார்கள். மூட்டை போடுகிற தராசில் ஒவ்வொருவராக ஏறி நின்றார்கள். சேகர் மாமா ஏறியதும் பிரபு எட்டிப் பார்த்து, "மாமா, ரெண்டரை கிலோ ஜாஸ்தி" என்றான்.

"சட்டையக் கழட்டறேன் இரு."

"தோலக் கழட்டினாகூட எறங்காது மாமா."

மாமா சிரித்தார். பிறகு ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடப்போனார். ராத்திரிச் சோறு நிறுத்தம். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீரும் கிடையாது. எல்லா ஊரிலும் இப்படித்தான் எடை குறைக்கிறார்கள். இருபது வயதில் தாங்கும்.

லட்சுமணன் மைதானத்துக்கு வந்திருந்தான். பிரபு அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது மாடியிலிருந்து தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை, பட்டியலைப் பற்றித்தான் இருக்கும். இவன் தலையை ஆட்டினான். பிறகு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி தினேஷுக்கு ரெய்டு பழக்கிக்கொடுத்தான். பஸ் ஹாரன் அடித்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

மடியில் புத்தகம் விரித்திருந்தது. ஒரு பக்கமும் நகரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று சாயங்காலம் பட்டியல் போகிறது. அதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா கடைக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. ஆளைப் பற்றிப் பேசாமல், அணிக்கு ரெய்டர் வேண்டும் என்று பொதுவாகத் தொடங்கலாம். பெயர் கடைசியில்.

கல்லாவில் சித்தி. சித்தப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா வாசுகி, இந்நேரத்துல?"

"சும்மா சித்தி."

"சும்மா வரமாட்டியே நீ. ஒக்காரு. சோறு போடட்டா?"

"வேணாம் சித்தி. ரோஜாச் செடிக்கு உரம் இருக்கான்னு கேக்க வந்தேன்."

எங்கள் வீட்டில் ரோஜாச் செடியே இல்லை. சித்திக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அம்மாவோடு சந்தை. மஞ்சள், கரும்பு, புதுப் பானை.

மாமாவைப் பார்த்தோம். கன்னம் ஒட்டியிருந்தது. அம்மா கேட்டதற்கு, "இன்னும் ஒரு கிலோ பாக்கி கீதுக்கா" என்றார், அம்மாவுக்குப் பின்னால் இருந்த இட்லிக் கடையைப் பார்த்துக்கொண்டே.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. சித்தி வீட்டிலிருந்து பொங்கல் வந்தது, எங்கள் வீட்டிலிருந்து அங்கே போனது. மாமா ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லையாம். சித்தி பெருமையாகச் சொன்னாள்.

திருக்கோவிலூர்க்காரர்கள் இருபத்தோராம் தேதி வருகிறார்களாம். அம்மா என் பச்சைப் புடவையை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 17, சனி

வெயில். வேனில் இருபது பேர். பெண்கள் பின்சீட்டில். லட்சுமணனும் வந்தான், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. அவனை யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எடையில் மாமா தேறிவிட்டார். தராசைவிட்டு இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். சித்தி பெரிதாகக் கைதட்டினாள்.

அந்த பி.டி. சார் மெய்யாகவே வந்திருந்தார். நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி. கறுப்புக் கண்ணாடி, கையில் சின்ன நோட்டு.

முதல் பாதி நாங்கள் முன்னால். ரைஸ் மில் பையன் இரண்டு பேரை மடக்கினான். அண்ணன் தம்பி ஒருவனைத் தூக்கியே வெளியே போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரபு ரெய்டு போனான், ஆளைத் தொட்டான், நடுவரைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் வெளியே உட்கார்ந்தே இருந்தான். ஒவ்வொருவராகப் போனார்கள், கோட்டைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களும் பிடியில் சிக்கவில்லை. "பாயின்ட் எடுங்கடா, என்ன உள்ள இட்டாங்கடா" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினான். குரல் உடைந்துவிட்டது. தினேஷுக்கு விரல் பிசகியது. மாமா உள்ளே போனார்.

வந்தவனின் கணுக்காலுக்கு மாமா சரியாகத்தான் பாய்ந்தார். கை கணுக்கால் வரை போய்விட்டது, பிடியில் பலம் இல்லை. மண்ணில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சித்தப்பா ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தார். எழுந்து உட்கார்ந்து, "ஆட்டம் இன்னாச்சி?" என்றார்.

இரண்டு பாயின்டில் தோற்றோம். முதல் சுற்றிலேயே.

பி.டி. சார் எதிர் அணிப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டி ஏதோ எழுதிக்கொண்டார். லட்சுமணன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அருகே போகவில்லை. எந்த ஆட்டத்தைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்பான்?

திரும்பும்போது மாமாவைப் பின்சீட்டில் என் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். இளநீர் குடித்துக் கொஞ்சம் தெளிந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு ஆடவே இஷ்டமில்ல வாசுகி. நானே வேணாம்னு எப்டி சொல்றது? அக்கா வுடுமா? மாமியார் வூட்ல சிரிப்பாங்க. அன்னிக்கு கடையில யாராவது ஒருத்தரு சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

வேன் ஜன்னலில் காற்று அடித்தது. கண்ணாடியை இழுத்து மூடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

சித்தப்பா கடைக்குப் போனேன். இந்த முறை ஒத்திகை இல்லாமல். சித்தி உள்ளே படுத்திருந்தாள், தலைவலி.

"சித்தப்பா, அன்னிக்கு லட்சுமணனைப் போடுங்கன்னு சொல்லணும்னு இருந்தேன்."

அவர் ரசீதுப் புத்தகத்தை மூடினார்.

"அப்டி நீ சொல்லுவேன்னுதான பாப்பா உன்னக் கேட்டேன்."

"என்னையா?"

"பின்ன? நான் சொன்னா உங்க சித்தி ஒரு மாசம் சோத்துல உப்பு போடமாட்டா. பிரபு சொன்னா மாமன் மச்சான் சண்டை. நீ சொல்லியிருந்தா, படிச்ச பொண்ணு, தெனம் பாக்கற பொண்ணு, அதுவே சொல்லுதுன்னு உன் மேல போட்டுட்டு நான் தப்பிச்சிருப்பேன். நீ 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்ட."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் அன்று என் பேச்சு ஒன்றுக்குத்தான் மதிப்பு இருந்திருக்கிறது. எவ்வளவு படித்து என்ன, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

சித்தப்பாவை விடாமல் நச்சரித்து, போட்டி நடத்தியவர்களிடம் கேட்டு பி.டி. சார் நம்பர் வாங்கவைத்தேன். என் முன்னாலேயே பேசினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்ல பையன் சார். மலைப் பையன். நீங்க ஒரு தபா பாத்தா போதும்."

"ஆடலியேங்க அவன். உங்க டீம்லயே எடுக்காத ஆள நான் எப்டிங்க எடுக்கறது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். சார் தொடர்ந்தார்: "இந்த வருசம் முடிஞ்சிடிச்சி. அடுத்த வருசம் பாக்கலாம். ஆட வையுங்க மொதல்ல."

அடுத்த வருடம். அதைச் சொல்லியாவது லட்சுமணனை நிறுத்தி வைக்கலாம். சாயங்காலம் மாடியில் காத்திருந்தேன். கிழங்கு லோடு வந்தது, வேறு ஆள் இறங்கினான். மைதானத்தில் ஆறு பேர்தான்.

ஜனவரி 21, புதன்

திருக்கோவிலூர்க்காரர்கள் வரவில்லை. யாரோ புது ஜோசியர் பார்த்ததில் பொருத்தம் இல்லையாம். அம்மா புடவையை மடித்து உள்ளே வைத்தாள். சித்தி வந்து என் தலையைத் தடவி, "வுடு, இவன் இல்லன்னா இன்னொருத்தன்" என்றாள். அன்பாகத்தான்.

இவர்களுக்குப் பயந்தா அன்று வாயை மூடிக்கொண்டேன் என்று ஒருமுறை தோன்றியது. இவர்கள்மேல் பழி போடுவதும் சரியில்லை.

ஜனவரி 23, வெள்ளி

மதியம் லட்சுமணன் கடைக்கு வந்தான். ஆதார் இரண்டு காப்பி, போட்டோ நான்கு.

"எதுக்கு?"

"போர்வெல் வண்டிக்கு போறேங்க்கா. ஏஜென்ட்டு கேட்டாரு. சத்தீஸ்கரு. எங்க ஊர்ல ரெண்டு பேரு ஏற்கெனவே அங்க இருக்காங்க."

அடுத்த வருடத்தைப் பற்றிச் சொன்னேன். சித்தப்பா பேசியதைச் சொன்னேன். அவசரமாக, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழ. பொறுமையாகக் கேட்டான்.

"அடுத்த வருசம் வரைக்கும் வூட்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா. அட்வான்சு வாங்கியாச்சி."

பிறகு சொல்லியேவிட்டேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள், பரவாயில்லை. "நான் பார்த்ததுலயே நல்ல ரெய்டர் நீதான் லட்சுமணா. பட்டியல்ல உன்னப் போட்டிருக்கணும்."

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நீங்க ஆட்டம் பாப்பீங்களாக்கா? மாடில ஒக்காந்து புக்கு படிக்கிறீங்கன்னு இல்ல நெனச்சேன்."

காப்பிகளைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "வரேங்க்கா."

ஜனவரி 26, திங்கள்

கடை லீவு. வெயில் நன்றாக இருந்தது, போர்வைகளைத் துவைத்துப் போட்டோம்.

லட்சுமணன் சனிக்கிழமை காலை பஸ்ஸில் சேலம் போனான். நேற்று மாலை வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பிவிட்டது. பிரபு சொன்னான்.